உங்கள் அழைப்பைப் பதிவு செய்யும் பெட்டியின் முகவரி என்ன?

“சேவைத் தரத்தை மேம்படுத்த இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்.” வங்கியையோ காப்புறுதி நிறுவனத்தையோ தொலைபேசியில் அழைக்கும்போது இப்படி ஒரு குரலைக் கேட்டிருப்பீர்கள். கேட்டுவிட்டு அடுத்த எண்ணை அழுத்திவிடுகிறோம். பதிவாகும் பேச்சு எங்கே போகிறது, அதை வாங்கிச் சேமிப்பது எது என்று யோசிப்பதில்லை.

பல அலுவலகங்களில் அந்த வேலையைச் செய்வது, கேபிள்களும் கருவிகளும் அடுக்கப்பட்ட சிறிய அறையில் இருக்கும் ஒரு பெட்டி. உண்மையில் அதுவும் ஒரு கணினிதான். பேச்சைச் சேமிப்பது, அது நடந்த நாள், நேரம், பேசிய ஊழியரின் உள் எண் ஆகியவற்றைக் குறித்துவைப்பது, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது ஆகியவை அதன் பணிகள். பணப் பரிமாற்றத்தில் தகராறு எழுந்தாலோ, அவசர அழைப்பில் ஒருவர் பதற்றத்தில் சொன்ன இடம் சரியாகக் கேட்காமல் போனாலோ, திரும்பக் கேட்டுப் பார்க்க உதவுவது அந்தப் பதிவுதான்.

இப்படி ஒரு பெட்டியைப் பொருத்தும்போது செய்யவேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, அதற்கு ஒரு கட்டமைப்பு முகவரி கொடுப்பது. ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை. ஆனால் அதில் பிழை நேர்ந்தால் உடனே தெரியாது. தொலைபேசி வழக்கம்போல ஒலிக்கும். பேச்சும் வழக்கம்போல நடக்கும். பதிவு மட்டும் இருக்காது. அது தேவைப்படும் நாளில்தான் இல்லை என்பதே தெரியவரும். அந்த ஐந்து நிமிட வேலைக்குப் பின்னால் இருக்கும் அறிவியலை இந்த வாரம் பார்ப்போம்.

கம்பியே முகவரியாக இருந்த காலம்

பழைய தொலைபேசிகளில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சோடி செம்புக் கம்பி இருந்தது. பதிவு செய்ய வேண்டுமானால் அந்தக் கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து, பதிவுக் கருவியில் செருகுவார்கள். 7ஆம் இணைப்பின் கம்பி கருவியின் 7ஆம் தடத்தில் செருகப்பட்டிருந்தால், 7ஆம் தடத்தில் கேட்பது 7ஆம் இணைப்பின் பேச்சு. எது எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கம்பிதான் முகவரி.

இன்று பெரும்பாலான அலுவலக மேசைகளில் இருப்பது இணைய நெறிமுறையில் இயங்கும் தொலைபேசி. கணினி செருகப்படும் அதே வகைக் கேபிளில்தான் அதுவும் செருகப்படுகிறது. ஒரே கேபிளில் பலருடைய பேச்சும், மின்னஞ்சலும், அச்சிடப் போகும் கோப்பும் ஒன்றாகப் பயணம் செய்கின்றன. எந்தத் துண்டு யாருக்கு என்பதைக் கம்பியை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டின்மீதும் முகவரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

குரல் பொட்டலமாகும் விதம்

நாம் பேசும்போது தொலைபேசி நம் குரலை ஒரு வினாடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறது. ஆக, ஒரு வினாடிப் பேச்சு 64,000 பிட்டுகள், அதாவது 8,000 பைட்டுகள். ஜி.711 எனப்படும் இந்த முறை 1972ஆம் ஆண்டிலேயே அனைத்துலகத் தரமாக வகுக்கப்பட்டது. இன்னமும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது.

இந்த பைட்டுகளைத் தொலைபேசி மொத்தமாக அனுப்புவதில்லை. வழக்கமாக ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரப் பேச்சை, அதாவது 160 பைட்டுகளை, ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. பொட்டலத்தின் மேலே அனுப்புநரின் முகவரி, பெறுநரின் முகவரி, வரிசை எண் முதலியவை சேர்க்கப்படும். இந்த மேலுறைக்கு மட்டும் 40 பைட்டுகள் தேவை. மூன்று நிமிட உரையாடலில் ஒரு திசைக்கு 9,000 பொட்டலங்கள். இரண்டு திசைகளையும் சேர்த்தால் 18,000.

பதிவுக் கருவியின் வேலை, இந்தப் பொட்டலங்களின் நகலைப் பெற்று, வரிசைப்படுத்தி, மீண்டும் குரலாகச் சேர்த்து வைப்பது. அழைப்புகளை நிர்வகிக்கும் சர்வர் அல்லது தொலைபேசியே அந்த நகலை நேராகப் பதிவுக் கருவிக்கு அனுப்புவது ஒரு முறை. இதற்கென ‘சிப்ரெக்’ என்ற பொது நெறிமுறையும் 2016இல் வெளியானது. நகலை அனுப்புபவருக்கு ஒரு விவரம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: எந்த முகவரிக்கு அனுப்புவது?

புளோக் எண்ணும் வீட்டு எண்ணும்

1981இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் ஒரு முகவரி 32 பிட்டுகள் கொண்டது. படிக்க வசதியாக அதை நான்கு எண்களாகப் பிரித்து, இடையில் புள்ளி வைத்து எழுதுகிறோம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். எடுத்துக்காட்டாக, 192.168.20.10. இதைத்தான் ஐபி முகவரி என்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள நம் அடுக்குமாடி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 1995 முதல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உள்ளது. அந்தக் குறியீடு ஒரு கடிதத்தைச் சரியான புளோக்கிற்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதன்பிறகு வீட்டு எண்ணைப் பார்த்தால் போதும். ஐபி முகவரியிலும் இப்படி இரண்டு பகுதிகள் உண்டு: முற்பகுதி புளோக், பிற்பகுதி வீடு.

எதுவரை புளோக், எங்கிருந்து வீடு என்று எப்படித் தெரியும்? அதைச் சொல்லும் எண்தான் ‘சப்நெட் மாஸ்க்’. 255.255.255.0 என்று கொடுத்தால், முதல் மூன்று எண்கள் புளோக்கையும் கடைசி எண் வீட்டையும் குறிக்கும். அப்படியானால் 192.168.20.10 என்பது 192.168.20 என்ற புளோக்கில் 10ஆம் வீடு. கடைசி எண்ணுக்கு 256 வாய்ப்புகள் உண்டு. 0 புளோக்கையே குறிக்கவும், 255 எல்லா வீடுகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்புச் செய்யவும் ஒதுக்கப்பட்டிருப்பதால், குடியிருக்க 254 வீடுகள் மீதம்.

முகவரியைச் சரியாக எழுதி மாஸ்க்கைத் தவறாக எழுதினால் என்ன ஆகும்? பதிவுக் கருவி 192.168.20.10இல் இருக்கிறது, பதிவுகளைப் பத்திரப்படுத்தும் சர்வர் வேறு புளோக்கில், 192.168.30.5இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியில் மாஸ்க்கை 255.255.0.0 என்று எழுதிவிட்டால், 192.168 வரைதான் புளோக் என்று அது நினைத்துக்கொள்ளும். சர்வரும் தன் புளோக்கிலேயே இருப்பதாக எண்ணி, நடைபாதையில் நின்று அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்தக் குரல் புளோக்கைத் தாண்டிப் போகாது, பதிலும் வராது. அதே தளத்தில் இருக்கும் ஊழியர் கருவியைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். சேமிப்பகத்திற்கு மட்டும் எதுவும் போய்ச் சேராது.

விருந்தினரும் தபால்பெட்டியும்

ஒரு கருவி முகவரி பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மனிதர் ஒருவர் கையால் எழுதிவைப்பது. மற்றொன்று, முகவரி வழங்கும் ஒரு சர்வரிடம் கருவியே கேட்டு வாங்கிக்கொள்வது. இரண்டாவது முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993இல் அறிமுகமான இந்த முறைதான் உங்கள் வீட்டு வைஃபையிலும் இயங்குகிறது.

டிஎச்சிபியில் நான்கு படிகள் உள்ளன. புதிதாக வந்த கருவி, “முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று எல்லாரையும் பார்த்துக் கேட்கும். சர்வர், “இந்த முகவரி காலியாக உள்ளது, வேண்டுமா?” என்று முன்வைக்கும். “சரி, அதையே கொடுங்கள்” என்று கருவி கேட்கும். “இத்தனை மணி நேரத்திற்கு அது உங்களுடையது” என்று சர்வர் உறுதி செய்யும். கடைசிப் படியில் உள்ள ‘இத்தனை மணி நேரம்’ என்பதைக் கவனியுங்கள். முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, வாடகைக்குத்தான் கிடைக்கிறது. வாடகைக் காலம் பாதி கழிந்ததும் கருவி அதைப் புதுப்பிக்கக் கேட்கும். நீண்ட நேரம் அணைந்திருந்து காலம் முடிந்துவிட்டால், அந்த முகவரி வேறொருவருக்குப் போகலாம்.

வகுப்பில் இதை விளக்கும்போது மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: “மேசைத் தொலைபேசிகள் டிஎச்சிபியில் நன்றாகத்தானே இயங்குகின்றன, பதிவுக் கருவி மட்டும் ஏன் கூடாது?” நல்ல கேள்வி. யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

மேசைத் தொலைபேசி, திருமண மண்டபத்திற்கு வரும் விருந்தினர் போன்றது. வாசலில் தன் பெயரைச் சொல்லி, “நான் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்” என்று தெரிவித்துவிடும். தொலைபேசி இயங்கத் தொடங்கியதும் அழைப்பு சர்வரிடம் தன் உள் எண்ணையும் அப்போதைய முகவரியையும் பதிவு செய்துகொள்கிறது. நாளை முகவரி மாறினால் நாளை மீண்டும் சொல்லும். ஆகவே மாறுவதில் சிரமம் இல்லை.

பதிவுக் கருவியோ புளோக்கின் கீழே இருக்கும் தபால்பெட்டி போன்றது. அது யாரையும் தேடிப் போவதில்லை. மற்றவர்கள்தான் அதைத் தேடி வந்து போடுகிறார்கள். அழைப்பு சர்வரின் அமைப்பில், “நகலை 192.168.20.10க்கு அனுப்பு” என்று ஒருமுறை எழுதி வைத்திருப்பார்கள். பெட்டி இரவோடிரவாக இடம் மாறினால், அந்த வரி தானாகத் திருந்தாது. அதனால்தான் பதிவுக் கருவி, அச்சு இயந்திரம், கோப்பு சர்வர், வாசலாக இயங்கும் ரவுட்டர் போன்றவற்றுக்கு மாறாத முகவரி கொடுப்பது வழக்கம்.

ஒரு மின்தடைக்குப் பிறகு

ஓர் அலுவலகத்தைக் கற்பனை செய்வோம். பதிவுக் கருவி டிஎச்சிபி மூலம் 192.168.20.10 என்ற முகவரியைப் பெற்றிருக்கிறது. அழைப்பு சர்வரிலும் அதையே எழுதிவிட்டார்கள். பல மாதங்கள் எல்லாம் சரியாகப் போகிறது. நீண்ட வார இறுதியில் பராமரிப்புப் பணிக்காக மின்சாரம் நிறுத்தப்படுகிறது. பதிவுக் கருவி அணைந்திருக்கும்போது அதன் வாடகைக் காலம் முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை மின்சாரம் வந்ததும் புதிய அச்சு இயந்திரம் ஒன்று முந்திக்கொண்டு அந்த முகவரியைப் பெற்றுக்கொள்கிறது. பதிவுக் கருவிக்குக் கிடைப்பது 192.168.20.37.

அழைப்பு சர்வர் பழைய முகவரிக்கே நகலை அனுப்ப முயல்கிறது. அங்கே இருப்பது அச்சு இயந்திரம். தனக்குப் புரியாத பொட்டலங்களை அது ஒதுக்கித் தள்ளிவிடும். குரல் பொட்டலங்களை ஏற்றிச் செல்லும் யுடிபி என்ற முறையில், “கிடைத்ததா?” என்று திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை. பேச்சு தாமதமின்றிப் போக வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மேலும், பதிவு தோற்றாலும் அழைப்பு துண்டிக்கப்படக்கூடாது என்று பல அலுவலகங்களில் அமைத்துவைப்பார்கள். அதுவும் நியாயம்தான். பதிவுப் பெட்டி கெட்டுவிட்டது என்பதற்காக அவசர அழைப்பைத் துண்டிக்க முடியுமா?

ஆனால் இந்த இரண்டு நியாயங்களும் சேர்ந்து பழுதை மறைத்துவிடுகின்றன. சர்வரின் குறிப்பேட்டில் எங்கோ ஓர் எச்சரிக்கை வரி விழுந்திருக்கலாம். அதை யாரும் படிக்காவிட்டால் நாள்கள் ஓடிவிடும். மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர், “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று வரும்போதுதான் பெட்டி காலியாக இருப்பது தெரியும். அந்த வாடிக்கையாளர் பக்கமே நியாயம் இருந்திருக்கலாம். அதை நிரூபிக்கும் வாய்ப்பு அவருக்கும் இல்லாமல் போகிறது.

அடையாள எண்ணைக் காட்டி முகவரி பெறுதல்

மாறாத முகவரி கொடுக்க இரண்டு முறைகள் உள்ளன.

முதலாவது, கருவியின் அமைப்புப் பக்கத்தில் முகவரி, மாஸ்க், வாசல் ஆகியவற்றைக் கையால் எழுதுவது. டிஎச்சிபி சர்வர் பழுதானாலும் கருவிக்கு முகவரி இருக்கும் என்பது இதன் நன்மை. எந்தக் கருவிக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்று மனிதர்கள் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பது இதன் சுமை. பட்டியல் வைத்திருந்தவர் வேலை மாறிப் போய்விட்டால் அடுத்தவர் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

இரண்டாவது, டிஎச்சிபி சர்வரிலேயே முன்பதிவு செய்து வைப்பது. ஒவ்வொரு கட்டமைப்புக் கருவிக்கும் தயாரிக்கும்போதே ‘மேக் முகவரி’ என்ற எண் தரப்படுகிறது. 48 பிட்டுகள் கொண்ட அதன் முற்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். ஐபி முகவரி வீட்டு முகவரி என்றால், மேக் முகவரி அடையாள அட்டை எண். வீடு மாறலாம், அந்த எண் மாறாது. “இந்த மேக் எண்ணோடு வருபவருக்கு எப்போதும் 192.168.20.10ஐக் கொடு, வேறு யாருக்கும் கொடுக்காதே” என்று சர்வரிடம் சொல்லிவைக்கலாம். எல்லா முகவரிகளும் ஒரே இடத்தில் பட்டியலாக இருக்கும் என்பது பெரிய வசதி.

இதிலும் கவனிக்க ஒன்று உண்டு. மேக் எண், பெட்டியில் உள்ள கட்டமைப்பு அட்டைக்குத்தான் சொந்தம். அட்டை பழுதாகி மாற்றினால் எண்ணும் மாறும். அப்போது முன்பதிவைத் திருத்தாவிட்டால், சர்வர் அதைப் புதிய விருந்தினராகவே நடத்தும்.

ஒரே முகவரியில் இரண்டு பேர்

கையால் எழுதும்போது நேரும் பெரிய ஆபத்து, டிஎச்சிபி வாடகைக்கு விடும் எல்லைக்குள் இருக்கும் ஒரு முகவரியையே எழுதிவிடுவது. பதிவுக் கருவி பழுதுபார்ப்புக்காக அணைக்கப்பட்டிருக்கும் நேரத்தில், அந்த முகவரி காலி என்று நினைத்து டிஎச்சிபி சர்வர் அதை ஒரு மடிக்கணினிக்குக் கொடுத்துவிடும். கருவி திரும்ப இயங்கியதும் ஒரே வீட்டு எண்ணில் இருவர்.

ஒரு புளோக்கிற்குள் பொட்டலம் கொடுக்க வேண்டுமானால், அனுப்புநர் முதலில் உரக்கக் கேட்பார்: “192.168.20.10 யார்? உங்கள் மேக் எண் என்ன?” ஏஆர்பி எனப்படும் இந்த முறை 1982இல் வகுக்கப்பட்டது. இப்போது இரண்டு பேர் பதில் சொல்வார்கள். யார் பதில் கடைசியாக வந்ததோ, பொதுவாக அவருக்கே பொட்டலங்கள் போகும். சிறிது நேரம் கழித்து மீண்டும் கேட்கும்போது மற்றவருக்குப் போகலாம். பதிவில் கொஞ்சம் பேச்சு, பிறகு ஓட்டை, மீண்டும் பேச்சு என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய கணினிகள் பல இப்படிப்பட்ட மோதலைக் கண்டுபிடித்துத் திரையில் எச்சரிக்கும். ஆனால் பதிவுக் கருவிக்குப் பெரும்பாலும் திரையே இல்லை.

இதைத் தவிர்க்க எளிய வழி, புளோக்கை முன்கூட்டியே பங்கிட்டுவிடுவது. 1 வாசலுக்கு; 2 முதல் 50 வரை மாறாத முகவரிகளுக்கு; 101 முதல் 200 வரை டிஎச்சிபிக்கு என்று பிரித்துவிட்டால் மோதலுக்கு இடமில்லை.

இன்னோர் அடையாளத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். முகவரி கேட்டும் யாரும் பதில் சொல்லாவிட்டால், பல கருவிகள் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தாமாகவே வைத்துக்கொள்ளும். பதிவுக் கருவியிலோ உங்கள் கணினியிலோ அப்படிப்பட்ட முகவரியைக் கண்டால், முகவரி தருபவரை அதனால் அடைய முடியவில்லை என்று பொருள். கேபிளையும் டிஎச்சிபி சர்வரையும் முதலில் பார்க்க வேண்டும்.

முகவரியே இல்லாத காது

இதுவரை, யாராவது நகலை அனுப்பிவைக்கும் முறையைப் பார்த்தோம். அனுப்ப யாரும் இல்லாமல், பதிவுக் கருவியே ஓடும் பேச்சை ஒட்டுக் கேட்கும் முறையும் உண்டு. இங்கேதான் ஒரு வியப்பான விஷயம் வருகிறது.

கேபிள்களை இணைக்கும் சுவிட்ச், ஒரு பொட்டலத்தை உரியவர் இருக்கும் போர்ட்டிற்கு மட்டுமே அனுப்பும். பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் பதிவுக் கருவிக்கு அது தெரியாது. எனவே, “இந்தப் போர்ட்டுகளில் போவதன் நகலை அந்தப் போர்ட்டிலும் காட்டு” என்று சுவிட்சில் ஏற்பாடு செய்கிறார்கள். கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் அங்கும் தெரிவதால் அதைக் கண்ணாடிப் போர்ட் என்கிறார்கள்.

இப்படி வேலை செய்யும் பெட்டிகளில் வழக்கமாகக் குறைந்தது இரண்டு செருகிகள் இருக்கும். ஒன்று, ஊழியர்கள் பெட்டியை நிர்வகிக்கவும் பதிவுகளை எடுக்கவும். இதற்குத்தான் மாறாத ஐபி முகவரி. மற்றொன்று கண்ணாடிப் போர்ட்டில் செருகப்படுகிறது. இதற்கு ஐபி முகவரி தேவையே இல்லை. பெரும்பாலும் கொடுப்பதும் இல்லை. அது யாரிடமும் பேசப் போவதில்லை, யாரும் அதனிடம் பேசப் போவதில்லை. யாருக்குப் போகும் பொட்டலமாக இருந்தாலும் வாங்கிப் படித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. வாய்க்கு முகவரி உண்டு, காதுக்கு இல்லை.

இந்த இரண்டு செருகிகளையும் மாற்றிச் செருகினாலோ, காதுக்கும் அதே புளோக்கில் ஒரு முகவரி கொடுத்துவிட்டாலோ குழப்பம்தான். நிர்வாகக் கேபிள் சரியாக இருந்து, காதுக் கேபிள் சாதாரணப் போர்ட்டில் செருகப்பட்டிருந்தால், பெட்டியின் பக்கம் திறக்கும், பச்சை விளக்கு எரியும். ஆனால் கேட்பதற்கு அங்கே பேச்சு இருக்காது.

பேசியவர் யார்? எப்போது?

பதிவு இருப்பது மட்டும் போதாது. அது யாருடைய பேச்சு, எந்த நேரத்துப் பேச்சு என்பதும் சரியாக இருக்க வேண்டும்.

தொலைபேசிகள் டிஎச்சிபியில் இருந்தால் அவற்றின் முகவரி மாறலாம் என்று பார்த்தோம். பதிவுக் கருவியில், “192.168.20.115இல் பேசுபவர் கடன் பிரிவு ஊழியர்” என்று முகவரியை வைத்துக் குறித்திருந்தால், முகவரிகள் மாறிய நாளிலிருந்து ஒருவர் பேச்சு மற்றவர் பெயரில் சேமிக்கப்படும். சொல்லாததைச் சொன்னதாக ஓர் ஊழியர்மீது பழி விழலாம். எனவே உள் எண்ணையோ மேக் எண்ணையோ வைத்து அடையாளம் காண்பதே பாதுகாப்பானது.

நேரத்திற்கும் முகவரிக்கும் தொடர்பு உண்டு. கணினிகளில் இருக்கும் சாதாரணப் படிகக் கடிகாரம் ஒரு நாளில் ஒன்றிரண்டு வினாடி பிசகுவது இயல்பு. ஒரு மாதத்தில் அது ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிவிடும். அதைத் திருத்த, கருவி அவ்வப்போது நேர சர்வரிடம் மணி கேட்கும். நேர சர்வர் பெரும்பாலும் வேறு புளோக்கில் இருப்பதால், வெளியே போகும் வாசலின் முகவரி கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘கேட்வே’ என்று எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டால், பதிவு நடக்கும், ஆனால் கடிகாரம் மெல்ல விலகிக்கொண்டே போகும். அழைப்பு 10.02க்கு வந்ததா 10.03க்கு வந்ததா என்பதே கேள்வியாக இருக்கும் வழக்கில் அந்தப் பதிவின் மதிப்பு குறைந்துவிடும்.

உள்ளே மட்டும் தெரியும் முகவரி

நம் எடுத்துக்காட்டில் 192.168 என்று தொடங்கும் முகவரியை ஏன் பயன்படுத்தினோம்? 32 பிட்டுகளில் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகப் பொது இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3ஆம் தேதி வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் பங்கீட்டு முறை வந்தது. பற்றாக்குறை வரும் என்று முன்பே உணர்ந்து, 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் மூன்று தொகுதிகளை அவரவர் அலுவலகத்திற்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கியிருந்தார்கள். எந்த அலுவலகமும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் பொது இணையத்தில் அவை செல்லாது. 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு இப்போது பரவிவந்தாலும், அலுவலகங்களுக்குள் பழைய முகவரிகளே இன்னமும் நிறைய உள்ளன.

பதிவுக் கருவிக்கு இந்த உள் முகவரி மிகவும் பொருத்தம். அதில் இருப்பது மக்களின் குரல், அடையாள எண், நோய் விவரம், பணக் கணக்கு. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இப்படிப்பட்ட தகவல்களைத் தக்க முறையில் காக்கும் கடமையை நிறுவனங்களுக்கு அளிக்கிறது. வெளியிலிருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்று பெட்டிக்குப் பொது முகவரி கொடுப்பது, பணப்பெட்டியை ஐந்தடி நடைபாதையில் வைப்பதற்குச் சமம். உள் முகவரி மட்டுமே பூட்டு ஆகிவிடாது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றுவதும், குரல் கருவிகளுக்குத் தனிப் புளோக் ஒதுக்குவதும் கூடவே தேவை.

நீங்களும் பார்க்கலாம்

உங்கள் கைப்பேசியின் அமைப்புகளில் வைஃபை பகுதிக்குச் சென்று, இணைந்துள்ள வைஃபையின் பெயரைத் தொட்டால் ஐபி முகவரி, மாஸ்க், ரவுட்டரின் முகவரி ஆகியவற்றைப் பார்க்கலாம். புளோக் எது, வீடு எது என்று பிரித்துப் பாருங்கள். வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசியிலும் பார்த்து ஒப்பிடுங்கள். புளோக் ஒன்றாகவும் வீட்டு எண் வேறாகவும் இருக்க வேண்டும். மேக் எண்ணும் தெரியலாம். ஆனால் தனிமறைவு கருதி, இன்றைய கைப்பேசிகள் பல உண்மையான எண்ணை மறைத்து, ஒரு மாற்று எண்ணைக் காட்டும்.

கடையோ சிறு நிறுவனமோ நடத்தும் வாசகர்களுக்கு ஒரு சிறு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன். அழைப்புப் பதிவு வைத்திருந்தால், வாரம் ஒருமுறையாவது, மின்தடைக்குப் பிறகு கட்டாயமாகவும், ஒரு சோதனை அழைப்பு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவைத் தேடி எடுத்து, காதால் கேளுங்கள். பெயரும் நேரமும் சரியா என்று பாருங்கள். பச்சை விளக்கு, பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். பேச்சு உள்ளே இருக்கிறதா என்பதைக் கேட்டுப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.